உள்தாழ்ப்பாள்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மார்கழி மாதத்தில் என் அத்தை குளியலறையில் வழுக்கி விழுந்தாள். கும்பகோணத்தில் அவளுக்கு ஒரு சிறிய வாடகை வீடு. மாமா காலமான பிறகு அங்கே தனியாகத்தான் இருந்தாள். குழந்தைகள் இல்லை. வயது 82. சாயங்காலம் ஆறு மணிக்கு விழுந்தவள், மறுநாள் காலையில் பால்காரர் வந்து குரல் கொடுக்கும் வரையில் ஈரத் தரையிலேயே கிடந்தாள். பதில் வராததால் பால்காரர் அண்டை வீட்டாரைக் கூப்பிட்டார். அவர்கள் வாசற்கதவை நெம்பித் திறந்தார்கள். உள்ளே போனால் குளியலறைக் கதவும் தாழிட்டிருந்தது. கடைசியில் ஒரு தச்சர் வந்து கதவைப் பெயர்த்தெடுத்த பிறகுதான் அத்தையை வெளியே கொண்டுவர முடிந்தது.

இடுப்பு எலும்பு தப்பியது தெய்வச் செயல். கை எலும்பு தப்பவில்லை.

பிறகு உறவினர்கள் எல்லாரும் தொலைபேசியில் மகாநாடு கூட்டினோம். அமெரிக்காவில் ஒருவன், பெங்களூரில் ஒருத்தி, சென்னையில் நான். நான் குடியிருப்பது லிப்ட் இல்லாத கட்டடத்தில், இரண்டாம் மாடியில். என் மனைவிக்கு முழங்கால் வலி. இவையெல்லாம் காரணங்களா, சாக்குகளா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியாது. மகாநாட்டில் இரண்டு தீர்மானங்கள் ஏகமனதாக நிறைவேறின. அத்தை இனித் தனியாக இருக்கக் கூடாது. நல்ல முதியோர் இல்லமாகப் பார்த்துச் சேர்க்க வேண்டும் என்பது ஒன்று. நடந்த அவ்வளவு அனர்த்தத்துக்கும் அந்தத் தாழ்ப்பாளே காரணம் என்பது இரண்டாவது.

அத்தையிடம் விஷயத்தைச் சொல்லும் பொறுப்பு என்னுடையதாயிற்று. அழுவாள், கோபிப்பாள் என்று பயந்துகொண்டு போனேன். அவள் அழவும் இல்லை, கோபிக்கவும் இல்லை.

"போகிறேன்டா. எங்கே சேர்த்தாலும் போகிறேன். ஆனால் என் அறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கணும்" என்றாள்.

"அத்தை! அந்தத் தாழ்ப்பாளால்தானே உயிர் போக இருந்தது?"

"உயிர் போனால் போகிறது. போகிற வரைக்கும் கதவை நான்தான் சாத்துவேன்."

கிழவிகளின் பிடிவாதம் நமக்குத் தெரிந்ததுதானே? சரி, சரி என்று தலையாட்டிவிட்டு, மறுவாரமே ஓர் இல்லத்தைப் பார்க்கப் போனேன்.

பளிங்குத் தரை. வாசலில் பிள்ளையார், அவருக்குப் பக்கத்தில் நீரூற்று. நிர்வாகி ஒவ்வொன்றையும் பெருமையோடு காட்டினார். தாழ்ப்பாளைப் பற்றிக் கேட்டேன். "எல்லா அறையிலும் எடுத்துவிட்டோம் சார். பாதுகாப்புத்தான் நமக்கு முக்கியம்" என்றார். எனக்கு அது நியாயமாகவே பட்டது. அடுத்த கணம், எனக்கு மாதிரி அறை ஒன்றைக் காட்டுவதற்காக, பக்கத்திலிருந்த கதவைத் தட்டாமலே தள்ளித் திறந்தார். உள்ளே ஒரு வயதான அம்மாள் புடைவை மாற்றிக்கொண்டிருந்தாள். அவள் கத்தவில்லை. துணியை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். நன்றாகப் பழகிப்போன திரும்பல் அது. நிர்வாகி அதைக் கவனிக்கவே இல்லை. அறையின் நீள அகலத்தை எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என்னிடம் ஒரு வழக்கம் உண்டு. மனசில் ஒன்று முள்ளாகத் தைத்துவிட்டால், அதன் பூர்வ கதையைப் புத்தகங்களில் தேடிக்கொண்டு போவேன். முதியோர் இல்லத்தின் கதையை இங்கிலாந்துக்காரர்கள் நல்லதும் கெட்டதுமாக விரிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஆகவே அங்கிருந்து தொடங்கினேன். அத்தையின் தாழ்ப்பாள் அந்தக் கதை முழுவதிலும் என்னோடு கூட வரும் என்று அப்போது நான் எதிர்பார்க்கவில்லை.

வின்செஸ்டர் என்ற ஊரில் செயின்ட் கிராஸ் என்று ஒரு பழைய தர்ம ஸ்தாபனம் இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் ஹென்றி என்ற பிஷப், ஏழைகள் பதின்மூன்று பேர் தங்கி வாழ்வதற்காக அதை ஏற்படுத்தினார். 15-ஆம் நூற்றாண்டில் கார்டினல் போஃபோர்ட் அதை விஸ்தரித்தார். அக்காலத்தில் கட்டிய வீடுகளில் இன்றும் முதியவர்கள் குடியிருக்கிறார்கள். அங்கே ஒவ்வொருவருக்கும் தனித்தனி அறைகள், குளிர்காயத் தனித்தனி அடுப்பு. ஓர் ஏழைக் கிழவருக்கும் தனக்கென்று ஒரு கதவு வேண்டும் என்பது ஐந்நூறு அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே மனிதனுக்குத் தெரிந்திருந்தது. அது தெரியாமல் போனது பிற்பாடுதான்.

1601-இல் எலிசபெத் ராணியின் ஆட்சியில் ஏழைகளுக்கான சட்டம் ஒன்று திரட்டி எழுதப்பட்டது. நாதியற்ற முதியோரையும் நோயாளிகளையும் அந்தந்த ஊரே வரி விதித்துக் காப்பாற்ற வேண்டும் என்பது அதன் சாரம். இருநூறு ஆண்டுகளில் வரி ஏறிக்கொண்டே போயிற்று. வரி கட்டுகிறவர்கள் முணுமுணுத்தார்கள். 1834-இல் புதிய சட்டம் வந்தது. உதவி வேண்டுபவன் இனிமேல் 'வொர்க்ஹவுஸ்' என்னும் ஏழைகள் விடுதிக்குள் வர வேண்டும். அங்குள்ள வாழ்க்கை, வெளியே உழைத்துப் பிழைக்கும் மிக ஏழைக் கூலிக்காரனின் வாழ்க்கையைவிடச் சற்றும் மேலாகத் தோன்றக் கூடாது என்பது அச்சட்டத்தின் தத்துவம். சோம்பேறிகளைப் பயமுறுத்துவதற்காக வகுத்த தத்துவம் அது. ஆனால் எண்பது வயதுக் கிழவி எந்தச் சோம்பலைக் கைவிட்டு எந்த வேலைக்குப் போக முடியும்? பயமுறுத்தல் என்னவோ அவள் மேலும்தான் விழுந்தது.

உள்ளே வந்தவுடன் சொந்த உடையைக் கழற்றி வாங்கிக்கொண்டு விடுதியின் சீருடையைக் கொடுப்பார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், குழந்தைகள் ஒரு பக்கம். ஐம்பது வருஷம் கூடி வாழ்ந்த தம்பதியும் வாசற்படியில் பிரிந்துகொள்ள வேண்டியதுதான். படுப்பதற்கு நீண்ட கூடத்தில் வரிசையாகக் கட்டில்கள். 1845-இல் ஆன்டோவர் என்ற ஊரின் விடுதியில், உரத்துக்காக எலும்பு இடிக்கும் வேலையில் இருந்தவர்கள், பசி தாங்காமல் அந்த எலும்புகளைக் கடித்துத் தின்ற செய்தி வெளியே வந்து தேசமே கொதித்தது. மேலிடத்தில் இருந்த நிர்வாகக் குழுவைக் கலைத்துவிட்டு 1847-இல் வேறொன்றை வைத்தார்கள். அதே ஆண்டில், அறுபது வயதைத் தாண்டிய தம்பதிகளை வற்புறுத்திப் பிரிக்கக் கூடாது என்றும் சட்டம் வந்தது. கல்லிலும் கொஞ்சம் ஈரம் கசிந்தது.

இன்னொரு சின்ன விஷயம். 1890-களில், விடுதியிலுள்ள வயதான பெண்களுக்குத் தேயிலையும் சர்க்கரையும் பாலும் தனியாகக் கொடுக்கலாம். தேநீரை அவர்களே தயாரித்துக்கொள்ளட்டும் என்று அனுமதி வந்தது. அதுவரையில் பெரிய அண்டாவில் கலந்ததை வரிசையில் நின்று வாங்கிக் குடித்தவர்கள் அவர்கள். இந்த உத்தரவைப் படித்தபோது எனக்கு எங்கள் அத்தையின் பித்தளை பில்டர் ஞாபகத்துக்கு வந்தது. விடிகாலையில் தன் கையால் இறக்கிய டிகாக்ஷனை வேறு யாரும் தொட விடமாட்டாள். தனக்குப் பிடித்த நிறத்தில் ஒரு டம்ளர் காப்பி கலந்து குடிக்கும் சுதந்திரத்தை ஒரு சர்க்கார் அரை நூற்றாண்டுக்கு மேல் யோசித்துத்தான் கொடுத்தது என்றால் என்ன சொல்வது!

1909 ஜனவரி முதல் தேதியன்று இங்கிலாந்தில் முதியோர் பென்ஷன் வழங்கத் தொடங்கினார்கள். எழுபது வயதான ஏழைகளுக்கு வாரத்துக்கு ஐந்து ஷில்லிங், தபாலாபீசில் பெற்றுக்கொள்ளலாம். விடுதிக்குப் போகாமல் சொந்தக் கூரையின் கீழ் சாகலாம் என்ற நம்பிக்கை பலருக்கு அன்றுதான் பிறந்தது. விடுதிகளோ தம் பெயரை மாற்றிக்கொண்டன. 1913-இல் ஒரு பெயர், 1930-இல் அவை உள்ளூர் சபைகளின் கைக்குப் போனபோது இன்னொரு பெயர். கட்டடமும் கூடமும் கட்டில் வரிசையும் அப்படியே இருந்தன.

இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு சுகாதார மந்திரியாக இருந்தவர் அனூரின் பெவன், சுரங்கத் தொழிலாளியின் பிள்ளை. 1947 நவம்பரில் அவர் பார்லிமெண்டில் ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். பழைய விடுதிகள் ஒழிந்தன. இனி இருபத்தைந்து முப்பது பேர் தங்கும் சிறிய இல்லங்கள் வரும். அங்கே நிர்வாகிக்கும் முதியவருக்கும் உள்ள உறவு, ஹோட்டல்காரருக்கும் விருந்தாளிக்கும் உள்ள உறவைப் போல இருக்கும் என்பது அவருடைய கனவு. 1948 ஜூலை 5-ஆம் தேதி சட்டம் அமலுக்கு வந்தது. அன்று வாரப் பென்ஷன் 26 ஷில்லிங். அதில் 21 ஷில்லிங்கை இல்லத்துக்குக் கட்டணமாகக் கொடுத்துவிட்டு, ஐந்து ஷில்லிங்கை முதியவர் தம் கைச்செலவுக்கு வைத்துக்கொள்வார். இந்தக் கணக்கின் அழகைப் பாருங்கள். பிச்சை வாங்கிக்கொண்டு இருப்பவன் கேள்வி கேட்க முடியாது. பணம் கொடுத்துத் தங்குகிறவன் கேட்கலாம்.

கனவு பலித்ததா? பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, பீட்டர் டௌன்சென்ட் என்ற இளம் ஆராய்ச்சியாளர் அதைப் பார்க்கப் புறப்பட்டார். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 173 இல்லங்களுக்கு நேரில் போனார். முதியவர்களைக் குளிப்பாட்டும் பணியாளாகவும் சில நாள் வேலை பார்த்தார். 1962-இல் அவர் வெளியிட்ட புத்தகத்துக்குக் 'கடைசிப் புகலிடம்' என்று பெயர். பெவனுடைய சிறிய இல்லங்கள் சில எழுந்திருந்தன. ஆனால் சர்க்கார் பொறுப்பில் இருந்த முதியவர்களில் பெரும் பகுதியினர் அதே பழைய விடுதிக் கட்டடங்களில்தான் கிடந்தார்கள். அதே கூடம், அதே கட்டில் வரிசை.

அவர் சொன்ன இன்னொன்றும் முக்கியமானது. இந்த இல்லங்களுக்கு வந்தவர்களில், மணம் ஆகாதவர்களும் குழந்தை இல்லாதவர்களுமே அவர்களுடைய ஜனத்தொகைக்கு மிஞ்சிய அளவில் இருந்தார்கள். 'பிள்ளைகள் கைவிட்டார்கள், முதியோர் இல்லங்கள் பெருகின' என்று நாம் எல்லாரும் பேசுகிறோமே, அந்தப் பேச்சு பாதிக்கதைதான். இல்லங்களை நிரப்பியது பிள்ளைகளின் துரோகத்தைவிட, பிள்ளைகளே இல்லாமையும், குடியிருக்க இடம் இல்லாமையும்தான். பலர் வீட்டிலேயே சற்று உதவி கிடைத்திருந்தால் அங்கே வந்திருக்கவே வேண்டியதில்லை என்பது அவருடைய முடிவு. இதைப் படித்தபோது என் நெஞ்சில் இருந்த பாரம் சிறிது குறைந்தது; உடனே வேறொரு வகையில் கூடியது. கும்பகோணத்து வீட்டிலேயே இரவுத் துணைக்கு ஓர் ஆளை அமர்த்த முடியுமா என்று நாங்கள் யாரும் அன்று மகாநாட்டில் கேட்கவில்லையே! பிற்பாடு அதற்கும் முயன்றேன். இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு பேரும் மாதம் முடியுமுன் போய்விட்டார்கள்.

தாழ்ப்பாளுக்கு வருகிறேன். 2000-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு சட்டம் நிறைவேறியது. அதன் கீழ் முதியோர் இல்லங்களுக்குக் குறைந்தபட்சத் தரங்கள் வகுக்கப்பட்டு 2002 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் ஒன்று நம் விஷயம். அறைக் கதவுக்கு, அங்கே வசிப்பவரின் சக்திக்கு ஏற்ற பூட்டு இருக்க வேண்டும். ஆபத்துச் சமயத்தில் ஊழியர்கள் அதைத் திறக்க வழி இருக்க வேண்டும். தக்க காரணம் இருந்தாலொழிய, சாவியை வசிப்பவரிடமே கொடுக்க வேண்டும். பணமும் மருந்தும் வைத்துப் பூட்டிக்கொள்ள அறைக்குள் ஓர் இடமும் வேண்டும். 2010-இல் அந்தத் தரங்களுக்குப் பதிலாக வேறு விதிகள் வந்துவிட்டன என்றாலும், அன்று அது எழுத்தில் ஏறியது பெரிய காரியம். 1834-இலிருந்து எண்ணினால் 168 ஆண்டுகள். எங்கள் அத்தை கட்டிலில் உட்கார்ந்தபடி ஒரே வாக்கியத்தில் கேட்டதற்கு, பார்லிமெண்டுகளும் மந்திரிகளும் ஆராய்ச்சியாளர்களும் அத்தனை காலம் எடுத்துக்கொண்டார்கள்.

நம் ஊர்க் கதை என்ன என்று கேட்பீர்கள். 1782-இல், ஹைதர் அலியோடு நடந்த யுத்தத்தால் சென்னையைச் சுற்றிப் பஞ்சம் தாண்டவமாடியது. அப்போது பசித்தவர்களுக்குக் கஞ்சி வார்ப்பதற்காக ஏற்பட்டதுதான் மணியக்காரர் சத்திரம். நாதியற்ற முதியோருக்கு அது புகலிடமாயிற்று. அதையொட்டி வளர்ந்ததே ஸ்டான்லி ஆஸ்பத்திரி. வடசென்னைப் பெரியவர்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பஞ்சத்தில் கஞ்சி வார்த்தவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனால் நம் முதியோர் இல்லங்கள் பலவற்றின் மனசில் அந்தக் கஞ்சித்தொட்டி இன்னும் இருக்கிறது என்று நினைக்கிறேன். சோறு போடுகிறோம், மருந்து கொடுக்கிறோம், மேற்கொண்டு என்ன வேண்டும் என்ற மனசு. மாதாமாதம் ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் பளிங்கு மாளிகையிலும் அந்த மனசைப் பார்த்துவிட்டேன்.

2007-இல் நம் நாட்டிலும் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கென்று சட்டம் வந்தது. ஆதரவற்ற முதியோர் குறைந்தது 150 பேர் தங்கும்படி மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது மாநில அரசுகள் அமைக்கலாம் என்கிறது அது. குழந்தை இல்லாதவரை, அவருடைய சொத்தை அடையப்போகும் உறவினர் காப்பாற்ற வேண்டும் என்றும் சொல்கிறது. எங்கள் அத்தைக்குச் சொத்து என்று எதுவும் இல்லை. ஆகவே சட்டம் என்னைப் பிடிக்காது. சின்ன வயசில் அவள் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு மகாமகக் குளத்தைச் சுற்றியதற்குச் சட்டத்தில் பிரிவு கிடையாது.

ஒரு தாழ்ப்பாளுக்கு இத்தனை பெருமையா என்று நீங்கள் கேட்கலாம். 1976-இல் அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து முதியோர் இல்லம் ஒன்றில் எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு மனோதத்துவ நிபுணர்கள் செய்த பரிசோதனையை வெளியிட்டார்கள். ஒரு மாடியில் உள்ளவர்களிடம், உங்கள் காரியங்களை நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி, வேண்டியவர்கள் ஒரு தொட்டிச் செடியை எடுத்து வளர்க்கும்படி கொடுத்தார்கள். இன்னொரு மாடியில் உள்ளவர்களிடம், எல்லாவற்றையும் ஊழியர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று சொன்னார்கள். செடியைக் கொடுத்தார்கள்; தண்ணீர் ஊற்றுவது நர்ஸ். மூன்று வாரத்தில் முதல் மாடிக்காரர்கள் அதிக உற்சாகத்தோடும் சுறுசுறுப்போடும் இருந்தார்களாம். இரண்டு மாடிக்கும் ஒரே சமையல்தான், ஒரே வைத்தியம்தான்.

இவ்வளவும் தெரிந்துகொண்ட பிறகு, நான் இல்லங்களைப் பார்க்கும் விதம் மாறிவிட்டது. முன்னறிவிப்பு இல்லாமல், இரவுச் சாப்பாட்டு வேளையில் போனேன். நீரூற்றைப் பார்க்கவில்லை, சமையலறையையும் கழிவறையையும் பார்த்தேன். நிர்வாகி இல்லாத சமயமாகப் பார்த்து அங்கே இருப்பவர்களோடு பேசினேன். சொந்தக் கட்டிலையும் சாமி படத்தையும் கொண்டுவரலாமா, தன் கையால் காப்பி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டேன். இரவில் எத்தனை பேர் விழித்திருப்பார்கள்? படுத்த படுக்கையானால் வைத்துக்கொள்வீர்களா, அழைத்துப் போகச் சொல்வீர்களா? பிடிக்காமல் திரும்பினால் முன்பணத்தில் எவ்வளவு திரும்பும்? இவற்றை எழுத்தில் தரச் சொன்னேன். அந்தக் கேள்விக்கே முகம் சுளித்த இடங்களும் உண்டு. எல்லா இடத்திலும் ஒன்றை மட்டும் கேட்காமலே கவனித்தேன். ஊழியர்கள் கதவைத் தட்டுகிறார்களா?

நான்காவதாகப் பார்த்த இல்லம் திருச்சிக்குப் பக்கத்தில், மண் சாலையோரம் இருக்கிறது. தரை சிவப்புச் சிமெண்டு. சாம்பார் தண்ணீர்தான். டாக்டர் வாரத்துக்கு ஒரு தடவைதான் வருவார். ஆனால் அதை நடத்தும் அம்மாள், நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், ஒவ்வோர் அறை வாசலிலும் தட்டிவிட்டு நின்றார். தாழ்ப்பாளைப் பற்றிக் கேட்டேன்.

"உள்ளே பூட்டிக்கொள்ளலாம் சார். வெளியிலிருந்து திறக்க என்னிடம் ஒரு சாவி இருக்கும். மூன்று தடவை தட்டிப் பதில் இல்லை என்றால்தான் அதைத் தொடுவோம். குளியலறையில் கைக்கெட்டும் உயரத்தில் மணி இருக்கிறது. அதற்கு மேல் வருகிறதை வருகிறபோது பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்" என்றார்.

ஒரு மாதம் இருந்து பார்ப்பது என்று அத்தையை அழைத்துப் போனேன். அவள் அறைக்குள் நுழைந்ததும் முதலில் கட்டிலைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்க்கவில்லை. கதவைச் சாத்தினாள், தாழைப் போட்டாள், திறந்தாள், மறுபடியும் போட்டாள். "சரி, நீ புறப்படு. பஸ் போய்விடப் போகிறது" என்று உள்ளேயிருந்தே சொன்னாள்.

ஒரு மாதம் ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. சென்ற மாதம், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மத்தியானம் போய்க் கதவைத் தட்டினேன்.

"யாரு?"

"நான்தான் அத்தை."

"இரு, வரேன்."

உள்ளே ஏதோ பெட்டி மூடும் சத்தம் கேட்டது. டம்ளரை வைக்கும் சத்தம் கேட்டது. அவசரப்படுகிற சத்தம் ஒன்றுகூடக் கேட்கவில்லை. ஐந்து நிமிஷமாவது நான் வெளியே நின்றிருப்பேன். என் ஆயுளில் ஒரு மூடிய கதவுக்கு முன்னால் அவ்வளவு திருப்தியோடு நான் நின்றதில்லை.